காரி எதன் குறியீடு? வாடிவாசலை உடன்குடியில் வாசித்தல்

1

பள்ளிக்கூடத்தில் 'குறியீடு' என்ற சொல் தமிழ் வகுப்புக்கு வருமுன்னே கணக்கிலும் வேதியியலிலும் வந்துவிடுகிறது. கூட்டலுக்கு ஒரு குறியீடு, இரும்புக்கு ஒரு குறியீடு. ஒன்றைக் கண்டால் மற்றொன்று நினைவுக்கு வரவேண்டும், அவ்வளவுதான். இந்தப் பழக்கத்தோடு வந்து உட்காரும் மாணவனிடம் ஒரு நாவலைக் கொடுத்து, இதிலும் குறியீடு உண்டு என்கிறோம். அவன் உடனே நோட்டின் நடுவில் ஒரு கோடு போடுகிறான். இடது பக்கம் காளை, வலது பக்கம் வீரம். கிழவன் என்றால் மரபு. ஜமீன்தார் என்றால் அதிகாரம். வாடிவாசல் என்றால் வாழ்க்கை. முடிந்தது. நான் பார்த்த பிளஸ் ஒன் நோட்டுகளில் பெரும்பாலும் இந்தக் கோடு இருந்தது. அதைப் போடக் கற்றுக்கொடுத்தது யார் என்பதை இந்தப் பக்கங்களை வாசிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சி. சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' 2018இல் வந்த பதினோராம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் துணைப்பாடமாக இடம்பெற்றது. சில பக்கங்களுக்குள் அடக்கப்பட்ட வடிவம்தான். ஆனாலும் கைக்காசைப் போட்டுச் சிறுபத்திரிகை நடத்திய ஒருவரின் நாவல் அரசுப் பாடநூலுக்குள் நுழைந்தது சின்ன விஷயமல்ல. சிறுபத்திரிகை உலகம் அதை வரவேற்றது. வரவேற்றதோடு சரி. அங்கே அது எப்படிப் படிக்கப்படுகிறது என்பது விமர்சகர்களின் கவலையாக இல்லை. பாடநூல் என்றால் ஆசிரியர்கள் பாடு, நோட்ஸ் போடுகிறவர்கள் பாடு. ஒரு தலைமுறைக்கு இலக்கியம் என்றால் என்னவென்று தீர்மானமாகிற இடத்தை இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்த விமர்சன மரபு வேறெங்காவது இருக்குமா தெரியவில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். குறியீட்டைச் சமன்பாடாகக் கற்பிப்பதைக் கற்பித்தல் முறையின் கோளாறு என்று மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. அதற்குள் ஓர் அரசியல் வேலை செய்கிறது. வாடிவாசலைப் பொறுத்தவரை அந்தச் சமன்பாடு, நாவலின் முடிவில் துப்பாக்கி யார் கையில் இருக்கிறது என்பதை மறைத்துவிடுகிறது.

2

1959 ஜனவரியில் 'எழுத்து' முதல் இதழ் வந்தது. வாடிவாசல் நூலாக வந்ததும் அதே ஆண்டுதான். புதுக்கவிதையை வளர்த்த பத்திரிகை என்றே 'எழுத்து' பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறது. ஆனால் செல்லப்பாவின் முதல் அக்கறை விமர்சனம். நன்றாக இருக்கிறது, இல்லை என்று ரசனையைச் சொல்லிவிட்டு நகராமல், படைப்பைப் பிரித்துப் பார்த்து எது எதனோடு எப்படிப் பொருந்துகிறது என்று காட்டும் 'அலசல்' முறையை அவர் வலியுறுத்திக்கொண்டே இருந்தார். ஆங்கில, அமெரிக்கப் புதுத் திறனாய்வின் பாதிப்பு அதில் உண்டு. படைப்பைச் சமூகத்திலிருந்து அது துண்டித்துவிடுகிறது என்று மார்க்சியர்கள் சொன்னார்கள். 1982இல் தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' வந்த பிறகு வேறு திசையிலிருந்தும் அதன் போதாமைகள் பேசப்பட்டன. இருக்கட்டும். பிரதியில் உள்ளதை முதலில் உள்ளபடி பார் என்ற அந்த எளிய ஒழுங்கு வகுப்பறைக்கு இன்னும் தேவையாக இருக்கிறது. அலசலுக்காக ஒரு பத்திரிகையே நடத்திய மனிதரின் நாவல், அலசலே இல்லாத ஒரு வாசிப்புக்கு இரையாகிறது என்பது வருத்தமான வேடிக்கை.

நாவலில் உள்ளது என்ன? பிச்சி, மச்சான் மருதனோடு செல்லாயி சல்லிக்கட்டுக்கு வருகிறான். அவன் அப்பன் அம்புலி பேர்போன மாடணைபவன். ஜமீன்தாரின் காரிக்காளையிடம் குத்துப்பட்டுச் செத்தவன். அந்தக் காரியை அணையத்தான் பிச்சி வந்திருக்கிறான். கூட்டத்தில் நிற்கும் ஒரு கிழவன் அவனை இன்னான் மகன் என்று கண்டுகொள்கிறான். திட்டிவாசல் வழியாக ஒவ்வொரு மாடாக வருகிறது. ஜமீன்தார் பார்த்துக்கொண்டிருக்கிறார். காரி வருகிறது. பிச்சி அணைகிறான், ஜெயிக்கிறான், அவனும் குத்துப்படுகிறான். தோற்ற காளை வெறிகொண்டு ஆற்றுப்பக்கம் ஓடுகிறது. ஜமீன்தார் அதன் பின்னால் போய்த் தன் கையாலேயே சுட்டுக் கொல்கிறார்.

ஒரு பிற்பகலில் தொடங்கி முடிந்துவிடுகிற கதை. இதில் வருகிற ஒவ்வொன்றும் யாருக்கோ உரியதாக இருக்கிறது. மாட்டை அவிழ்க்குமுன் உடையவர் பேரைச் சொல்லி அறிவிப்பது சல்லிக்கட்டின் வழக்கம். காளையின் மானம் உடையவனின் மானம். அணைகிறவனுக்கு உடைமை என்று ஒன்றுமில்லை, உடம்புதான் இருக்கிறது. ஒரே ஒரு மாடு, ஒரே ஒரு மனிதன், நடுவே வாசல் என்று தோன்றினாலும் இந்த இருவர் ஆட்டத்தில் மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். அவர் களத்தில் இறங்குவதே இல்லை. கடைசியில் இறங்குகிறார். இறங்கும்போது துப்பாக்கியோடு இறங்குகிறார். 'காரி = வீரம்' என்று எழுதிய மாணவனால் இந்தக் கடைசிக் காட்சியை என்ன செய்ய முடியும்? வீரத்தை அதன் சொந்தக்காரனே ஏன் சுட வேண்டும்? சமன்பாடு இங்கே உடைகிறது. அதனால் தேர்வுக்குப் படிக்கும்போது இந்தக் காட்சி 'கதை முடிவு' என்ற ஒரு வரியாகச் சுருங்கி ஓரமாக ஒதுங்கிவிடுகிறது.

3

இந்த நாவல் வகுப்பறைக்கு எந்த நேரத்தில் வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டைத் தடைசெய்தது. 2017 ஜனவரியில் மெரினாவிலும் மதுரைப் பக்கத்திலும் தமிழ்நாட்டின் பல ஊர்களிலும் இளைஞர்கள் திரண்டார்கள். ஜனவரி 21இல் அவசரச் சட்டம் வந்தது. 23ஆம் தேதி மெரினாவில் இருந்தவர்களைக் காவல்துறை விரட்டியது. அன்று நடுக்குப்பத்தில் மீன் சந்தை எரிந்தது. அடுத்த ஆண்டு புதிய பாடநூல்கள் வந்தன. ஒன்பதாம் வகுப்பில் 'ஏறு தழுவுதல்' என்று ஓர் உரைநடைப் பாடம், பதினோராம் வகுப்பில் வாடிவாசல். 2023 மே 18இல் அரசியல் சாசன அமர்வு தமிழ்நாட்டின் சட்டம் செல்லும் என்றது.

அந்தத் திரளை நான் சிறுமைப்படுத்தவில்லை. கட்சிகளை ஒதுக்கிவைத்துவிட்டு அவ்வளவு பேர் ஓரிடத்தில் கூடியதன் அரசியல் தனியாக எழுதப்பட வேண்டியது. எனக்கு இங்கே முக்கியம், அந்த நாட்களில் காளை என்ற குறிக்கு என்ன நடந்தது என்பது. அது வரலாறு முழுவதையும் உதறிவிட்டு 'தமிழன்' என்ற ஒற்றைப் பொருளோடு ஒட்டிக்கொண்டது. எந்த ஊர் மாடு, யார் மாடு, எந்தச் சாதிக்காரன் களத்தில் இறங்கலாம், யாருக்கு முதல் மரியாதை என்ற கேள்விகளெல்லாம் சட்டைப்பையில் குத்திய காளைப் படத்துக்குள் போய் மறைந்தன. வரலாற்றை இயற்கைபோல் காட்டுவதுதான் தொன்மத்தின் வேலை என்று ரொலான் பார்த் 1957இல் எழுதினார். நமக்கு அதைப் படிக்காமலே மெரினாவில் பாடம் நடந்தது. நடுக்குப்பத்து மீன்காரப் பெண்களின் பிழைப்பு எரிந்தது அந்தப் படத்துக்குள் வரவேயில்லை. மானம் ஒருவருடையது, அதற்கான விலை இன்னொருவருடையது என்பதைச் செல்லப்பா 1959இலேயே எழுதிவைத்திருக்கிறார்.

ஆக, 2018இல் பதினோராம் வகுப்பு மாணவனின் கைக்கு நாவல் வரும்போது காரிக்கு அர்த்தம் ஏற்கெனவே நிரப்பப்பட்டிருந்தது. ஒன்பதாம் வகுப்பில் மரபின் பெருமையாகப் படித்த காளையையே அவன் வாடிவாசலிலும் தேடுகிறான். கிடைத்துவிடுகிறது. பிரதிக்குள் போகாமலே கிடைத்துவிடுகிறது. செல்லப்பா எழுதிய நாவலோ தேவர் சமூகத்தின் ஓர் உலகத்தை, அதன் ரோசத்தையும் பழியையும் ஜமீனோடு அதற்கிருந்த உறவையும் எழுதிய நாவல். அந்தப் பெயர்களை எடுத்துவிட்டுத் 'தமிழர் வீரம்' என்று எழுதினால் எல்லாருக்கும் சொந்தமாகிவிடும் என்ற நல்லெண்ணம் பாடம் நடத்துகிறவர்களுக்கு இருக்கலாம். எல்லாருக்கும் சொந்தமாக்கும்போது உண்மையில் யாருக்குச் சொந்தமாக இருந்தது என்று கேட்கிற வழி அடைபடுகிறது.

4

உடன்குடியில் சல்லிக்கட்டு கிடையாது. திருச்செந்தூருக்குத் தெற்கே தேரிச் செம்மணலும் பனையுமான ஊர். இந்தப் பக்கம் பிள்ளைகள் கண்டது மாட்டுவண்டிப் பந்தயம்தான். மாட்டை அணைவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார்கள். பிளஸ் ஒன் படிக்கிற சிலரோடு மாலையில் உட்கார்ந்து வாசிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. துணைப்பாடச் சுருக்கத்தை மூடிவைத்துவிட்டு மூன்று சாயங்காலங்களில் முழு நாவலையும் வாய்விட்டு வாசித்தோம். நாவலின் பேச்சுமொழி அவர்களுக்குக் கொஞ்சம் அந்நியம். "இது மதுரப் பக்கத்துப் பேச்சுலா" என்று ஒருத்தன் சொன்னான். அந்த அந்நியம் நல்லது. தெரிந்தது மாதிரி தலையாட்டிவிட்டுப் போக முடியாது.

குறியீடு என்று நான் பேச்செடுத்ததும் ஒரு பையன் கேட்டான்: "சார், நம்மூரு கருப்பட்டிக்குக் குறியீடு குடுத்திருக்காவல்லா, அதுவும் இதுவும் ஒண்ணா?" மற்றவர்கள் சிரித்தார்கள். 2023இல் உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைச் சொல்கிறான். சிரிக்க வேண்டிய கேள்வியாக எனக்குப் படவில்லை. சொல் ஒன்றாக இருப்பதால் வந்த குழப்பம் என்று தள்ளிவிடலாம். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகிறது. புவிசார் குறியீடு ஒரு பொருளை ஓர் ஊரோடு சேர்த்துக் கட்டுகிறது. உடன்குடி என்று சொன்னால் கருப்பட்டி, கருப்பட்டி என்று சொன்னால் உடன்குடி. அதுவும் ஒரு சமன்பாடு. வியாபாரத்துக்கு அது தேவை, வேண்டாமென்று சொல்லவில்லை. அந்தச் சமன்பாட்டில் ஏறுகிறவன் எங்கே இருக்கிறான்?

"ஒங்க வீட்ல யாராவது பனை ஏறுனவுக உண்டா?" என்று கேட்டேன். கை தூக்கக் கொஞ்சம் கூச்சம். பிறகு ஒருத்தன் சொன்னான்: "எங்க தாத்தா ஏறுனாவ. காலைலயும் சாயங்காலமும் ஏறி எறங்கணும். மரம் எங்களுக்கு இல்ல, வேற ஆளுக்கு. குத்தகை." பாளை அரிவாள், தளைநார், கலயம், முருக்குத்தடி என்று சாமான்களின் பேரை அவனுக்கு வரிசையாகச் சொல்லத் தெரிந்தது. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் பதனீர், தடவாவிட்டால் கள். பதனீர் என்றால் தொழில், கள் என்றால் போலீஸ். "மரத்துலேருந்து விழுந்தா?" என்று பக்கத்தில் இருந்தவன் கேட்டான். "விழுந்தா விழுந்ததுதான்" என்றான் இவன். பிறகு ஒரு பெண்பிள்ளை சொன்னாள்: "ஏறுறத மட்டும் சொல்லுதானே, காய்ச்சுறது யாரு? எங்க ஆச்சி அடுப்புல நின்னு நின்னு கண்ணு போச்சு." இதற்குமேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர்களே நாவலுக்குத் திரும்பினார்கள்.

தாத்தாவைப் பற்றிச் சொன்ன பையன்தான் கேட்டான்: "அப்ப அந்த மாட்ட ஏன் சார் சுட்டாரு? அவரு மாடுதான? தோக்கடிச்சது பிச்சி. பிச்சியத்தான சுட்டிருக்கணும்?"

வாடிவாசலைப் பற்றி நான் படித்த கட்டுரைகளைவிட இந்தக் கேள்வி நாவலின் மையத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. பதில்கள் பலவாக வந்தன. வெறிபிடிச்ச மாடு ஆளைக் குத்திவிடும், அதனால் சுட்டார் என்றான் ஒருத்தன். தோத்த மாட்டை வச்சிக்கிட்டா அவருக்குத்தான் அசிங்கம் என்றான் இன்னொருத்தன். எல்லார் முன்னாலயும் பிச்சியை ஒண்ணும் பண்ண முடியாதுல்லா, பெரிய மனுசன்னு பேர் எடுக்கணும்லா என்றாள் ஒருத்தி. மூன்றும் பிரதிக்குள்ளேயே இருக்கிற பதில்கள். ஜெயித்தவனை மெச்சுவது ஜமீன்தாரின் பெருந்தன்மை. அந்தப் பெருந்தன்மைக்கான கணக்கு காளையின் உயிரில் தீர்க்கப்படுகிறது. தன் உடைமையை அழிக்கும் உரிமைதான் உடைமையின் கடைசி எல்லை. அதை யாரும் கேட்க முடியாது. காரி அதுவரை யாருடைய கௌரவத்தைச் சுமந்துகொண்டிருந்தது என்பது அது சுடப்படும்போதுதான் நமக்கு முழுதாகத் தெரிகிறது.

கடைசியாக அந்தப் பெண்பிள்ளை இன்னொன்று சொன்னாள்: "இதுல பொம்பளையே இல்லயே சார். சாமி மட்டுந்தான் பொம்பள." செல்லாயியைச் சொல்கிறாள். களத்தில் பெண்ணுக்கு இடமில்லை, களத்தின் பெயரில் மட்டும் இருக்கிறாள். நோட்டில் போட்ட கோட்டின் இடதுபக்கம் இல்லாத ஒன்றுக்கு வலதுபக்கம் அர்த்தம் எழுத முடியாது. இல்லாததைப் படிக்கச் சமன்பாட்டுக்கு வழி கிடையாது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. மாட்டைப் புரியவைக்கப் பனை உதவியது என்பதால், பனைதான் இந்த மக்களின் குறியீடு என்று நான் பலகையில் எழுதிவிட்டால் பழைய குருடி கதவைத் திறடி என்ற கதையாகிவிடும். அதற்கு இந்த மண்ணில் ஒரு வரலாறே இருக்கிறது. இடையன்குடியில் இருந்த கால்டுவெல் 1849இல் திருநெல்வேலிப் பனையேறிகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஒரு தொழிலையும் ஒரு மரத்தையும் வைத்து ஒரு மக்கள் கூட்டத்தின் குணத்தையே எழுதிவிடலாம் என்ற நினைப்பு அதில் இருந்தது. அந்தத் தாழ்வான சித்திரிப்பை எதிர்த்து நாடார் சமூகத்தார் பின்னாளில் போராட வேண்டியிருந்தது. பனை இன்று தமிழ்நாட்டின் மாநில மரம். செங்கல் சூளைக்கு வெட்டி வெட்டித் தீர்ந்த பிறகு, பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அறிவித்தார்கள். மரத்துக்கு மரியாதை வந்தது நல்லதுதான். ஏறுகிறவனின் பிள்ளை அதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டுதான் கை தூக்குகிறான்.

5

குறியீடு என்ற கருத்தாக்கத்தை நாம் பிரெஞ்சுக் கவிஞர்களிடமிருந்து வாங்கினோம், சசூரிடமிருந்து குறிப்பான், குறிப்பீடு என்று பிரிக்கக் கற்றுக்கொண்டோம். தவறில்லை. ஆனால் வகுப்பறையில் கைக்கெட்டுகிற தூரத்தில் ஒன்று இருக்கிறது. இந்த மாணவர்கள் மனப்பாடம் செய்து மறந்துபோன ஒன்று. தொல்காப்பியத்தின் உள்ளுறை.

உள்ளுறை கருப்பொருளை இடமாகக் கொண்டு பிறக்கிறது. கருப்பொருள் என்பது உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று விரியும் பட்டியல். ஒரு நிலத்து மக்கள் எதைத் தின்றார்கள், எதை வளர்த்தார்கள், என்ன தொழில் செய்தார்கள் என்பதுதான் அது. மரமும் மாடும் தொழிலோடு சேர்ந்து ஒரே பட்டியலில் நிற்கின்றன. தெய்வமும் கருப்பொருள்தான். ஆனால் உள்ளுறைக்கு நிலைக்களம் சொல்லும்போது தொல்காப்பியர் தெய்வத்தை ஒழித்துவிடுகிறார். உரையாசிரியர்கள் இதற்கு என்ன விளக்கம் தந்தாலும், நான் இதை இப்படித்தான் வாசிக்கிறேன்: தெய்வம் தன்னளவில் முழுமையான அர்த்தம். அதற்குப் பின்னால் இன்னொரு பொருளைத் தேடிப் போக முடியாது, கும்பிடத்தான் முடியும். உழைப்பும் உடைமையும் உறவும் தொட்டுக்கொண்டிருக்கிற பொருளில்தான் உள்ளே இன்னொன்று உறைய இடமிருக்கிறது.

அகநானூற்றின் ஒரு மருதப்பாட்டில், கயிற்றை அறுத்துக்கொண்டு வேலியைத் தாண்டிப் போய்க் குளத்துத் தாமரையை மேய்கிற எருமை வருகிறது. எருமை என்றால் தலைவன் என்று நோட்ஸ் சொல்லும். ஆனால் அந்தப் பாட்டில் எருமை தனியாக ஒன்றும் சொல்வதில்லை. அறுந்த கயிறு, தாண்டிய வேலி, கலங்கி ஓடுகிற மீன், மேயப்பட்ட பூ எல்லாம் சேர்ந்துதான் சொல்கின்றன. கயிறு கட்டியது யார், வேலி யாருடையது, கலங்கியது யார் என்று கேட்கும்போதுதான் தலைவியின் குரல் கேட்கிறது. சொன்ன காட்சி முழுவதையும் கேட்பவர் பொருத்திப் பார்த்து முடிக்க வேண்டும். பொருள் ஓர் உறவில் இருக்கிறது, ஒரு பெயரில் இல்லை.

காரியை இப்படி வாசிக்கலாம். கொம்பு, திட்டிவாசல், ஜமீன்தாரின் இருப்பிடம், கிழவனின் ஞாபகம், அம்புலியின் சாவு, பிச்சியின் தொடை, ஆற்றுமணல், துப்பாக்கி. இவற்றுக்கு நடுவே ஓடுகிற மாடு அது. 2017இல் காளையைத் தெய்வமாக்கினார்கள். தெய்வமான கணத்திலேயே அது உள்ளுறைக்குத் தகுதி இழந்துவிட்டது. இனி அதற்கு ஒரே அர்த்தம்தான்; அதைக் கேள்வி கேட்பது துரோகம். வகுப்பறையில் குறியீடு கற்பிப்பது என்றால், தெய்வமாகிப்போன பொருளை மறுபடி கருப்பொருளாக்கிக் கையில் கொடுப்பது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

6

இதுவரை படித்த இடதுசாரி நண்பர்கள் சிலருக்கு ஒரு திருப்தி வந்திருக்கலாம். 'காரி = வீரம்' என்பதை அழித்துவிட்டு 'காரி = நிலவுடைமை அதிகாரம்' என்று எழுதினால் கணக்கு முடிந்தது என்று. முடியவில்லை. அதுவும் அதே கோடுதான், வலதுபக்கத்துச் சொல் மட்டும் நமக்குப் பிடித்த சொல். இயக்கத்து வாசிப்பு வகுப்புகளில் இந்தக் கோடு நிறையப் போடப்பட்டிருக்கிறது. பிச்சி ஒடுக்கப்பட்டவனின் எழுச்சி, காரி ஜமீன், எழுச்சி வென்றது. அப்படியானால் ஜெயித்த பிறகும் துப்பாக்கி ஏன் ஜமீன்தார் கையிலேயே இருக்கிறது? பிச்சியின் பழி அந்த மாட்டின் மேலேயே போனதும், மாட்டை அவிழ்த்துவிட்டவன் மேல் போகாததும் ஏன்? அப்பனைக் கொன்றது மாடு என்று நினைக்கும்படி அந்த உலகம் அவனை ஆக்கிவைத்திருக்கிறது. சமத்துவச் சமன்பாட்டில் இந்தக் கசப்பு மறைந்துபோகும்.

இன்னொன்றும் மறைந்துபோகும். மாட்டைப் பிடிப்பதற்கு அந்தப் பக்கத்தில் 'அணைதல்' என்ற சொல் வழங்குகிறது. கலித்தொகையில் 'தழுவுதல்'. இரண்டும் கட்டிப்பிடிப்பதைச் சொல்லும் சொற்கள். கொல்ல வருகிற மிருகத்தின் திமிலில் நெஞ்சை வைத்து ஒட்டிக்கொள்வதற்கு ஏன் இந்தச் சொல்? பனையேறியும் நெஞ்சை மரத்தில் வைத்துத்தான் ஏறுகிறான், நெஞ்சில் தழும்பு காய்த்துப்போயிருக்கும். அந்தப் பையனிடம் கேட்டபோது, "தாத்தா சட்டைய கழத்துனா தெரியும், கருப்பா" என்றான். இந்தத் தொடுகைக்குள் பயம், திறமை, பிழைப்பு, அந்த மிருகத்தின்மேல் அல்லது மரத்தின்மேல் ஒரு மரியாதை எல்லாம் கலந்திருக்கின்றன. உடைமையாளனுக்கு இந்தத் தொடுகை கிடையாது. ஜமீன்தார் காரியைத் தொடுவது குண்டால். இதை எந்தச் சமன்பாட்டில் எழுதுவது? பிச்சியின் வெற்றியை ஏமாளியின் வெற்றி என்று தள்ளிவிட முடியாமல் நம்மைத் தடுப்பது இந்த மிச்சம்தான். செல்லப்பா விமர்சகராக மட்டும் இருந்திருந்தால் இதை எழுதியிருக்க முடியாது.

ஆசிரியர்கள் கேட்பது நியாயமான கேள்வி: நாற்பது நிமிஷப் பீரியடில் இதெல்லாம் நடக்குமா, பிள்ளைகளுக்கு மார்க் வேண்டாமா? நடக்கும் என்பது என் அனுபவம். எதற்குக் குறியீடு என்ற கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு நான்கு கேள்விகளைக் கேட்டால் போதும். இது யாருடையது? இதைத் தொடுகிறவர் யார்? பார்த்துக்கொண்டிருப்பவர் யார்? கடைசியில் இதற்கு என்ன ஆகிறது, யாரால்? மாணவர்கள் பிரதியைப் புரட்டாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. புரட்டிவிட்டால் அவர்கள் எழுதுகிற விடை நோட்ஸ் விடையைவிட நீளமாகத்தான் இருக்கும், மார்க்கும் குறையாது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வை விலக்கியது. அந்த ஓராண்டில் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைத்திருக்கிறது. அந்த இடத்தையும் பன்னிரண்டாம் வகுப்புக்கான மனப்பாடம் வந்து நிரப்புமுன் ஏதாவது செய்தாக வேண்டும்.

செய்ய வேண்டியது ஆசிரியர்கள் மட்டுமல்ல. பாடநூலில் உள்ள ஒவ்வொரு நவீனப் படைப்புக்கும், பதினாறு வயதுப் பிள்ளைக்குப் புரிகிற மொழியில் ஓர் அலசல் கட்டுரை எழுத நம்மிடம் ஆள் இருக்கிறது. பூக்கோவைப் பற்றி எழுதிய கை இதையும் எழுதலாம், கௌரவம் குறைந்துவிடாது. சுருக்கத்தைப் படித்தவர்களுக்கு முழு நாவல் கிடைக்கும்படி செய்யலாம். பனையேறிகளின் ஊரை எழுதிய ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' 1964இல் வந்தது. அதைப் பற்றிச் சொன்னபோது, "நம்ம மரத்த வச்சும் நாவல் இருக்கா?" என்று கேட்ட பிள்ளைகள் இந்தக் கடற்கரை நெடுக இருக்கிறார்கள். இப்போது அதை வாசித்துக்கொண்டிருக்கிறோம். பனை எதன் குறியீடு என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. லிஸியை ஏன் வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள் என்றுதான் முதல் கேள்வி வந்தது.